பல் அடைப்பில் ஒட்டுப்பசைகள்: குமுளி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மக்கள் நலத் திட்டங்களில் பல் நலம் கடைசியாக நினைக்கப்படும் துறைகளுள் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. பல் நோயால் உயிர் போவது அரிது. ஆகவே, இறப்பு விகிதத்தைக் கொண்டு முன்னுரிமை வகுக்கும்போது அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை. ஆயினும், உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய் நோய்களால் அவதியுறுகின்றனர். இவர்களுள் சுமார் 200 கோடிப் பேர் நிலைப்பற்களில் சிகிச்சை பெறாத சொத்தையுடன் வாழ்கின்றனர். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வு, 12 வயதுச் சிறுவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 35 முதல் 44 வயது வரையிலானோருள் ஐவரில் நால்வருக்கும் பற்சொத்தை இருந்ததைக் காட்டியது.

சொத்தையை அகற்றிப் பல்லை அடைப்பது, பல் மருத்துவத்தின் அன்றாடப் பணியாகும். இப்பணியில் கடந்த எழுபது ஆண்டுகளில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. முன்னர் அடைப்புப் பொருள் குழியில் செருகப்பட்டு நின்றது. இன்று அது பல்லுடன் ஒட்டப்படுகிறது. இந்த ஒட்டுதல் எவ்வளவு காலம் நீடிக்கும், எந்தப் பசை எச்சூழலுக்குப் பொருந்தும் என்னும் வினாக்கள் மருத்துவருக்கு மட்டும் உரியவை அல்ல. மருந்துப் பொருள் கொள்முதல் செய்யும் அலுவலருக்கும் திட்டம் தீட்டுவோருக்கும் உரியவையாகும். இவ்வினாக்களை ஒரு மலைப்பகுதி எல்லையூரை முன்வைத்து ஆராய்வது பயன் தரும்.

எல்லையூரும் அதன் மக்களும்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குமுளி. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் சாலை இங்குதான் கேரளத்தில் நுழைகிறது. தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளால் வெளியுலகில் அறியப்பட்ட ஊராயினும், இவ்வட்டாரத்தின் வாழ்வு ஏலம், மிளகு, தேயிலை ஆகிய பயிர்களைச் சார்ந்தது. நாள்தோறும் காலையில் கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். தலைமுறைகளாகத் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் பல உள.

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்களின்மீது சுமத்தியது. ஆயினும், அவ்வசதியில் பல் அடைப்புக்கு என்றுமே சிறிய இடமே இருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீருமேட்டுப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் சில மூடப்பட்டபோது, அங்கிருந்த வசதிகளும் நலிந்தன. பல் மருத்துவக் கல்லூரி அளவிலான சிகிச்சை வேண்டுவோர் ஒரு பக்கம் கோட்டயத்திற்கோ, மறு பக்கம் மதுரைக்கோ செல்ல வேண்டும். இரண்டுமே நூறு கிலோமீட்டருக்குக் குறையாத பயணங்களாகும்.

நாட்கூலி பெறும் ஒரு தொழிலாளிக்குப் பல் வலி வரும்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பல்லைப் பிடுங்குவது. அது ஒரே நாளில் முடியும். மற்றொன்று பல்லை அடைப்பது. அடைப்பு ஆறு மாதத்தில் விழுந்துவிடுமானால் இன்னொரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழக்க நேரிடும். ‘அடைத்தால் நிற்காது, பிடுங்குவதே மேல்’ என்னும் எண்ணம் ஒரு குடியிருப்பில் பரவிவிட்டால், அடுத்து வருவோரும் பிடுங்கவே கேட்பர். ஆகவே, ஓர் அடைப்பு விழுவதால் ஏற்படும் இழப்பு அந்த ஒரு பல்லுடன் நின்றுவிடுவதில்லை.

இரசக்கலவையின் காலம் முடிவுறுதல்

மக்கள் ‘வெள்ளி அடைப்பு’ என்று கூறும் பொருள், வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்துடன் கலந்து செய்யப்படுவதாகும். எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. இப்பொருள் மலிவானது, உறுதியானது. ஈரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த லிஸ்பன் நகரச் சிறுவர்களைப் பற்றிய ஆய்வில், ஏழு ஆண்டுகளுக்குப் பின் இரசக்கலவை அடைப்புகளுள் 94.4 சதவீதமும், ஒட்டும் வகைப் பிசின் அடைப்புகளுள் 85.5 சதவீதமும் நிலைத்திருந்தன. பிசின் அடைப்புகள் தோல்வியுற்றதற்கு, அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை தோன்றியதே முதன்மைக் காரணம்.

ஆயினும், இரசக்கலவைக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவதாக, அது பல்லுடன் ஒட்டுவதில்லை. உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் இருக்குமாறு குழியை வெட்டினால்தான் அது நிற்கும். எனவே சொத்தையுடன் நல்ல பல்லும் சேர்த்து வெட்டப்படுகிறது. இரண்டாவதாக, அதிலுள்ள பாதரசம் மருத்துவமனைக் கழிவின் வழியாக மண்ணையும் நீரையும் அடைகிறது.

இவ்விரண்டாவது காரணத்தால் பன்னாட்டு அரசுகள் நடவடிக்கை எடுத்தன. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014-இல் அதில் கையெழுத்திட்டு 2018-இல் உறுதி செய்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கும், கருவுற்ற மற்றும் பாலூட்டும் பெண்களுக்கும் இரசக்கலவையைத் தவிர்க்க வேண்டும் என 2022-இல் முடிவு செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், 2034-ஆம் ஆண்டுக்குள் பல் இரசக்கலவையை முடிவுக்குக் கொண்டுவர உறுப்பு நாடுகள் இணங்கின.

இதன் பொருள் தெளிவானது. இனி வரும் ஆண்டுகளில் கம்பத்திலாயினும் குமுளியிலாயினும், அரசு மருத்துவமனையில் அடைக்கப்படும் ஒவ்வொரு பல்லும் ஏதேனும் ஓர் ஒட்டுதலையே நம்பி நிற்க வேண்டும்.

ஒட்டுதலின் அறிவியல்

பல்லின் மேலுறையாகிய எனாமல், எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருளால் ஆனது, கடினமானது, உலர்த்தத்தக்கது. அதன் உள்ளே இருக்கும் டென்டைன் என்னும் திசுவில் தாதுப்பொருள் சுமார் 70 சதவீதமே. எஞ்சியது கொலாஜன் என்னும் புரத நாரும் நீருமாகும். டென்டைன் முழுவதும் நுண்குழல்கள் ஊடுருவியுள்ளன. அவற்றில் திரவம் நிறைந்துள்ளது. ஈரமான இவ்விடத்தில் நீரை வெறுக்கும் பிசினை ஒட்டச் செய்வதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

எனாமலைப் பொறுத்தவரை இச்சிக்கல் முதலில் தீர்ந்தது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரிலிருந்த மைக்கேல் புவனோகோர் என்பார், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை அரிக்கச் செய்தால் பிசின் உறுதியாகப் பற்றுகிறது என 1955-இல் காட்டினார். கப்பலில் வண்ணம் பூசுமுன் உலோகப் பரப்பை அமிலத்தால் பதப்படுத்தும் தொழில்முறையே இதற்கு முன்மாதிரி. அமிலம் எனாமலில் எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறது. பிசின் அவற்றுள் புகுந்து இறுகி வேர்விட்டதுபோல் நிற்கிறது. 1962-இல் ரேஃபேல் போவன் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ என்னும் பிசின், இன்றைய பல் நிற அடைப்புப் பொருள்களுக்கு அடிப்படையாயிற்று.

டென்டைனில் ஒட்டுவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் ஃபுசயாமா 1970-களின் இறுதியில் டென்டைனையும் அமிலத்தால் அரிக்கலாம் எனக் காட்டினார். 1982-இல் நகபயாஷி, அமிலத்தால் தாதுநீங்கிய கொலாஜன் நார்களிடையே பிசின் ஊடுருவிக் கலப்பு அடுக்கு ஒன்று உருவாவதை விளக்கினார். பல்லும் பிசினும் பின்னிப் பிணைந்த இவ்வடுக்கே ஒட்டுதலின் உயிர்நிலை. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. அதில் ஏதேனும் ஒரு மூலையில் பிசின் புகாமல் கொலாஜன் வெறுமையாக நின்றால், நீரும் டென்டைனிலேயே உள்ள நொதிகளும் அதைக் காலப்போக்கில் சிதைத்துவிடும்.

பசைகளின் வகைகள்

இன்று வழக்கிலுள்ள பசைகளை நான்கு பிரிவுகளாகக் காணலாம்.

முதலாவது, மூன்று படி முறை. அமிலம் இட்டுக் கழுவுதல், முன்பூச்சு இடுதல், பசை பூசுதல் என மூன்று தனி வேலைகள் இதில் உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும். ஆயினும் நீண்ட அனுபவம் உடையது.

இரண்டாவது, இதன் சுருக்கமான இரண்டு படி முறை. அமிலம் இட்டுக் கழுவியபின், முன்பூச்சும் பசையும் ஒரே புட்டியிலிருந்து இடப்படுகின்றன. கழுவிய டென்டைனை மிகையாக உலர்த்தினால் கொலாஜன் நார்கள் படிந்துவிடும், பிசின் புகாது. ஈரம் மிகுந்தாலோ பசை நீர்த்துப்போகும். சரியான ஈரத்தைக் கண்ணால் அளப்பது எளிதன்று.

மூன்றாவது, தானே அரிக்கும் பசைகள். இவற்றிலுள்ள அமிலத்தன்மை கொண்ட மூலக்கூறுகள் பல்லை அரித்தவாறே உள்ளே புகுகின்றன, கழுவுதல் இல்லை. ஜப்பானிய நிறுவனமான குராரே உருவாக்கிய எம்.டி.பி. என்னும் மூலக்கூறு, பல்லின் கால்சியத்துடன் வேதிப்பிணைப்பும் கொள்கிறது. மென்மையான அமிலத்தன்மை உடைய இரண்டு படிப் பசைகள் டென்டைனில் நன்கு நிற்கின்றன. ஆனால் எனாமலை அவை போதிய அளவு அரிப்பதில்லை. எனவே எனாமல் ஓரத்தில் மட்டும் தனியே பாஸ்பாரிக் அமிலம் இடுவது நல்லது. 2011 முதல் சந்தைக்கு வந்த ‘எல்லாவற்றிற்கும் உரிய’ பசைகள், இரு முறைகளிலும் பயன்படுத்தத் தக்கவையாகச் செய்யப்பட்டவை.

நான்காவது, கண்ணாடி அயனோமர் சிமென்டு. இதற்குத் தனிப் பசை வேண்டியதில்லை. லண்டனில் இருந்த அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1960-களின் இறுதியில் கண்டறிந்த இப்பொருள், பல்லின் கால்சியத்துடன் தானே வேதிப்பிணைப்புக் கொள்கிறது. புளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. ஓர் அரசு ஆய்வகத்தின் உழைப்பு உலகெங்கும் ஏழை எளியவரின் வாய்க்குள் சென்று சேர்ந்ததற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஆய்வகமும் நோயாளியின் வாயும்

விற்பனைக் குறிப்புகளில் ஒட்டுதலின் வலிமை மெகாபாஸ்கல் அளவில் தரப்படுவது வழக்கம். இந்த எண் பெரும்பாலும் பிடுங்கப்பட்ட பல்லில் பசையிட்டு, ஒரு நாள் நீரில் வைத்திருந்து, இழுத்துப் பார்த்துப் பெறப்பட்டதாகும். நோயாளியின் வாயிலோ சூடும் குளிரும் மாறி மாறி வரும்; மெல்லும் அழுத்தம் உண்டு; எச்சில் உண்டு; ஆண்டுகள் கடந்து செல்லும். முதல் நாள் வலிமை மிகுந்த பசை ஐந்தாம் ஆண்டிலும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே பசையின் தகுதியை நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கென அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1971-இல் வெளியிட்ட அளவுகோல் பரவலாகக் கையாளப்படுகிறது. அடைப்பு நிற்கிறதா, ஓரம் பொருந்தியுள்ளதா, ஓரம் நிறம் மாறியுள்ளதா, மீண்டும் சொத்தை வந்துள்ளதா என்பன அதில் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன.

பசையை மட்டும் தனியே சோதிப்பதற்குப் பொருத்தமான இடம், பல்லின் கழுத்துப் பகுதியில் ஈறை ஒட்டி ஏற்படும் ஆப்பு வடிவத் தேய்வாகும். அங்கு அடைப்பைப் பிடித்து நிறுத்தும் குழியமைப்பு எதுவுமில்லை. பசை தோற்றால் அடைப்பு விழும். இத்தகைய தேய்வு ஆய்வுக்கூடத்து விந்தையன்று. உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள் போன்றவற்றால் அழுத்தித் தேய்க்கும் பழக்கமும், கடினமான தூரிகையைக் குறுக்காக இழுக்கும் பழக்கமும் உள்ள இடங்களில் அதனை எளிதில் காணலாம். ஆகவே, பசைகளை உலகம் சோதிக்கும் களமும், மலைத்தோட்டத் தொழிலாளர் பல் கூச்சத்துடன் மருத்துவரிடம் வரும் காரணமும் பல வேளைகளில் ஒன்றே.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வகை அடைப்புகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். அதன்படி ஆண்டொன்றுக்குச் சராசரித் தோல்வி விகிதம் வருமாறு:

கண்ணாடி அயனோமர்: 2.0 சதவீதம்
தானே அரிக்கும் இரண்டு படிப் பசை, மென்மையான வகை: 2.5 சதவீதம்
கழுவும் மூன்று படிப் பசை: 3.1 சதவீதம்
தானே அரிக்கும் ஒரே படிப் பசை, மென்மையான வகை: 3.6 சதவீதம்
தானே அரிக்கும் ஒரே படிப் பசை, கடுமையான வகை: 5.4 சதவீதம்
கழுவும் இரண்டு படிப் பசை: 5.8 சதவீதம்
தானே அரிக்கும் இரண்டு படிப் பசை, கடுமையான வகை: 8.4 சதவீதம்

இப்பட்டியலிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. படிகளைக் குறைப்பதால் வேலை எளிதாகிறதேயன்றி அடைப்பு நீடிப்பதில்லை. மூன்று படியை இரண்டாகச் சுருக்கிய கழுவும் பசையின் தோல்வி விகிதம் ஏறத்தாழ இரு மடங்காக உள்ளது. அடுத்து, ஒரே பெயரால் வழங்கும் வகைக்குள்ளும் அமிலத்தன்மையைப் பொறுத்து வேறுபாடு பெரிது. ‘தானே அரிக்கும் பசை’ என்று மட்டும் கொள்முதல் ஆணையில் எழுதுவது போதாது.

இவ்வெண்கள் பல்லின் கழுத்துப் பகுதிக்கே உரியவை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். மெல்லும் பரப்பில் ஏற்படும் அகன்ற குழிகளுக்கு அவற்றை அப்படியே பொருத்தலாகாது.

கூலி நாளைக் கொண்டு ஒரு கணக்கு

மேற்கண்ட விகிதங்களைப் பொருளாதார மொழியில் பெயர்த்துப் பார்க்கலாம். கழுத்துத் தேய்வுக்காக நூறு தொழிலாளர்களுக்கு ஆளுக்கு ஓர் அடைப்பு இடப்படுவதாகக் கொள்வோம். ஒரு முறை மருத்துவமனைக்கு வந்து செல்ல ஒரு நாள் கூலி இழப்பு எனவும், மறு அடைப்புக்கு மருத்துவரின் நேரம் அரை மணி எனவும் கொள்வோம். இவை கணக்கிற்காக வைத்துக்கொண்ட அளவுகளே.

ஐந்து ஆண்டுகளில் கண்ணாடி அயனோமர் அடைப்புகளுள் 10 விழும். மென்மையான இரண்டு படிப் பசையில் 12 அல்லது 13. கழுவும் மூன்று படிப் பசையில் 15 அல்லது 16. கழுவும் இரண்டு படிப் பசையில் 29. முதலாவதற்கும் கடைசியானதற்கும் உள்ள வேறுபாடு 19 கூலி நாட்கள். மருத்துவமனைக்கோ ஒன்பதரை மணி நேரப் பணி. அந்நேரத்தில் புதிய நோயாளிகள் 19 பேருக்கு அடைத்திருக்கலாம்.

பசைப் புட்டியின் விலையை இதனுடன் ஒப்பிட வேண்டும். ஒரு பல்லுக்குச் செலவாவது ஒன்றிரண்டு சொட்டுகளே. இரண்டு புட்டிகளின் விலை வேறுபாட்டைப் பல்லொன்றுக்கு வகுத்தால் அது ஒரு நாள் கூலியின் சிறு பகுதியாகவே அமையும். ஆனால் கொள்முதல் ஒப்பந்தப் புள்ளியில் தெரிவது புட்டியின் விலை மட்டுமே. கூலி இழப்பு தொழிலாளியின் கணக்கிலும், மறுபணி மருத்துவரின் நேரத்திலும் மறைந்துவிடுகின்றன. மலிவான பொருளை வாங்கிய அலுவலகம் சிக்கனம் செய்ததாகக் கணக்குக் காட்டும். அச்சிக்கனத்தின் விலையை வேறொருவர் கொடுப்பார். எனவே ஒப்பிட வேண்டிய அளவு, அடைப்பு ஒன்றின் விலை அன்று. அடைப்பு நிலைத்திருக்கும் ஆண்டு ஒன்றின் விலையே.

கேரள அரசு ‘மந்தஹாசம்’ என்னும் திட்டத்தின்கீழ் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசமாகப் பற்கட்டு வழங்கி வருகிறது. பாராட்டத்தக்க திட்டமாகும். ஆயினும், முதுமையில் பற்கட்டுக்காகச் செலவிடும் அரசு, நடுவயதில் அப்பல்லைக் காக்கும் அடைப்பின் தரத்தில் கருத்துச் செலுத்துவது அதனினும் சிக்கனமானதாகும்.

மலைப்பகுதியின் தனி இடர்ப்பாடுகள்

மேற்கண்ட விகிதங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் தேர்ந்த கைகளால் இடப்பட்ட அடைப்புகளைக் குறிப்பவை. குமுளி போன்ற இடங்களில் வேறு சில காரணிகளையும் கருத வேண்டும்.

ஈரம் முதலாவது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் மிகுந்திருக்கும். மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சிலும் சேரும்போது, ரப்பர்த் திரையின்றிப் பல்லை உலர்வாக வைத்திருப்பது கடினம். கழுவும் இரண்டு படிப் பசை இத்தகைய சூழலில்தான் பெரிதும் தடுமாறுகிறது.

மின்சாரம் இரண்டாவது. பிசின் அடைப்புகள் நீல ஒளியால் இறுகுபவை. விளக்கின் மின்கலம் தளர்ந்தாலோ, முனை அடைப்பிலிருந்து விலகியிருந்தாலோ மேற்பரப்பு இறுகி அடிப்பகுதி இறுகாமல் நிற்கும். அன்று அது கண்ணுக்குத் தெரியாது. எனவே ஒளியின் அளவைச் சோதிக்கும் சிறு கருவி ஒவ்வொரு பல் பிரிவிலும் இருத்தல் வேண்டும்.

பராமரிப்பு மூன்றாவது. பசைகளில் கரைப்பானாக எத்தனாலோ அசிட்டோனோ உள்ளது. மூடியைத் திறந்து வைத்தால் அது ஆவியாகிவிடும். எஞ்சிய பசை பல்லுள் ஊடுருவாது. பல பசைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெப்பமான கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த புட்டி, காலாவதித் தேதிக்கு முன்னரே பயனற்றதாகலாம்.

நான்காவது, பல்லின் தன்மையே வேறுபடுவது. கேரளத்தின் மற்றோர் எல்லைப்புறமான பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே, சித்தூர் வட்டத்தில் சில கிணறுகளின் நீரில் புளோரைடு, இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் மேல் வரம்பாகிய லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்துள்ளது. தமிழ்நாட்டில் தருமபுரி, சேலம் மாவட்டங்களிலும் இந்நிலை உண்டு. மிகை புளோரைடால் பாதிக்கப்பட்ட எனாமலின் மேற்பரப்பு அமிலத்தை எதிர்த்து நிற்கும். வழக்கமான நேரம் அமிலம் இட்டால் போதிய துளைகள் உண்டாவதில்லை. அமிலம் இடும் நேரத்தை நீட்டுவதோ, மேற்பரப்பை இலேசாகச் சீவுவதோ தேவைப்படும். மென்மையான அமிலத்தன்மை உடைய பசையை மட்டும் நம்புதல் கூடாது. ஒரே மாநிலத்தில், ஒரே கொள்முதல் ஆணையில் வந்த பசை குமுளியில் நின்று சித்தூரில் விழக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

கண்ணாடி அயனோமரின் இடமும் எல்லையும்

இவ்விடர்ப்பாடுகளை நோக்கும்போது கண்ணாடி அயனோமரின் பயன் தெளிவாகிறது. அது ஈரத்தை ஓரளவு தாங்கும், மின்விளக்கு வேண்டாம், படிகள் குறைவு. 1980-களின் நடுவில் தான்சானியாவில் நெதர்லாந்து மருத்துவர் யோ ஃப்ரென்கன் உருவாக்கிய முறையில், கைக் கருவிகளால் மட்டும் சொத்தையை அகற்றி இச்சிமென்டால் அடைக்கின்றனர். துளைக்கும் பொறியோ மின்சாரமோ தேவையில்லாததால், பள்ளியிலும் தோட்டக் குடியிருப்பிலும் இதனைச் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 1994-ஆம் ஆண்டின் உலக சுகாதார நாளையொட்டி இம்முறைக்கு ஊக்கமளித்தது. 2021-இல் அந்நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் கண்ணாடி அயனோமர் சேர்க்கப்பட்டது.

அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். இம்முறையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நிலைப்பற்களில் ஒரே பரப்பில் அமைந்த அடைப்புகளுள் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 80 சதவீதம் நிலைத்திருந்தன. பால் பற்களில் ஒரே பரப்பு அடைப்புகள் இரண்டு ஆண்டுகளில் 93 சதவீதம் நிலைத்தன. ஒன்றுக்கு மேற்பட்ட பரப்புகளில் பரவிய அடைப்புகளோ 62 சதவீதமே நிலைத்தன. அச்சிமென்டு விரைவில் தேயும். பெரிய அழுத்தத்தில் உடையும். ஆகவே சிறு குழிக்கும் கழுத்துத் தேய்வுக்கும் அது ஏற்றது. கடைவாய்ப் பல்லின் அகன்ற குழிக்கு நல்ல பசையும் பிசினுமே வேண்டும். அதற்கு உலர்வும் ஒளியும் பயிற்சியும் உள்ள மருத்துவமனையும் வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இரு மட்டங்களில் பணியைப் பிரித்துக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பள்ளி முகாம்களிலும் கண்ணாடி அயனோமர். வட்ட மருத்துவமனைகளில் மென்மையான இரண்டு படிப் பசையோ மூன்று படிப் பசையோ. 2014-15-இல் தொடங்கப்பட்ட தேசிய வாய் நலத் திட்டமும், 2018 முதல் அமைக்கப்பட்டு வரும் நலவாழ்வு மையங்களின் பணிகளுள் வாய் நலம் சேர்க்கப்பட்டிருப்பதும் இதற்கு அடித்தளம் தருகின்றன.

இரண்டாவதாக, கொள்முதல் ஆணையில் பசையின் வகை, அமிலத்தன்மை, சேமிப்பு வெப்பநிலை ஆகியவற்றுடன், நோயாளிகளிடம் குறைந்தது பதினெட்டு மாதங்கள் கண்காணித்த முடிவையும் கேட்கலாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஒரு காலத்தில் பசைகளை முழுமையாக ஏற்பதற்கு, பதினெட்டு மாதங்களில் இழப்பு 10 சதவீதத்திற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று வரையறுத்திருந்தது. இதைப் போன்ற எளிய வரம்பு நமக்கும் உதவும். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பல் அடைப்புப் பிசின்களில் ஆராய்ச்சி நடத்திய அனுபவம் உடையது. அத்தகைய நிறுவனங்களின் உதவியுடன், உள்நாட்டுப் பொருள்களையும் இதே அளவுகோலால் சோதிக்கலாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பல் பிரிவிலும் அடைப்புப் பதிவேடு ஒன்று பேணப்பட வேண்டும். எந்தப் பல், எந்தப் பரப்பு, எந்தப் பொருள், எந்த நாள் என்னும் நான்கு விவரங்களே போதும். விழுந்த அடைப்புடன் ஒருவர் திரும்பி வரும்போது அதே வரியில் குறித்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் அம்மருத்துவமனைக்கே உரிய தோல்வி விகிதம் கிடைத்துவிடும். லூவனின் எண்களைவிடக் குமுளிக்கும் கம்பத்திற்கும் அந்த எண்ணே பயன்படும்.

நான்காவதாக, எல்லையின் இரு பக்கமும் செல்லுபடியாகும் ஓர் அட்டை நோயாளியிடம் இருத்தல் நன்று. இன்று கம்பத்தில் அடைத்துக்கொண்டவர், வேலையின் பொருட்டு நாளை குமுளியில் மருத்துவரைக் காணலாம். மேற்கூறிய நான்கு விவரங்கள் தமிழிலும் மலையாளத்திலும் அவ்வட்டையில் இருந்தால், முன்னர் இட்ட பொருள் எதுவென்று தெரியாமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை ஏற்படாது.

இரசக்கலவையை 2034-க்குள் கைவிட வேண்டும் என்னும் முடிவு, ஆயத்தமில்லாத மருத்துவமனைக்கு ஒரு நெருக்கடியாகவே அமையும். ஈரத்தையும் கவனக்குறைவையும் பொறுத்துக்கொண்ட ஒரு பொருள் போய், இரண்டையும் பொறுக்காத பொருள்கள் அதன் இடத்திற்கு வருகின்றன. இடையிலுள்ள ஆண்டுகளைப் பயிற்சிக்கும் பதிவேட்டுக்கும் கொள்முதல் விதிகளைத் திருத்துவதற்கும் பயன்படுத்திக்கொண்டால் இம்மாற்றம் நன்மையாகவே முடியும். ஏலத்தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டு வந்து பல்லை அடைத்துக்கொள்கிறார். அந்த அடைப்பு எத்தனை ஆண்டுகள் அவர் வாயில் நின்றது என்பதைக் கொண்டே இத்துறையில் அரசின் பணி மதிப்பிடப்பட வேண்டும்.